மீசை வண்டி

சாலமோன். டேய், சாலமோன்.

இப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா கரண்டியோடு ஓடி வருவாள். "ஒரு வருஷம் பெரியவன்டி, அண்ணான்னு கூப்புடு" என்பாள். நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ஐந்தாவதில் ஃபெயிலாகி என் கிளாசுக்கே வந்து உட்கார்ந்தவனை எப்படி அண்ணா என்பது? இப்போது கூப்பிடலாம் என்றால் ஆளில்லை.

எட்டாவது பி-யில் எங்கள் இரண்டு பேரோடும் படித்தவர்களே, நீங்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் எழுதி ஒரு புத்தகமாகக் கட்டப் போகிறீர்களாம். என்னையும் எழுதச் சொல்லி ஆள் அனுப்பினீர்கள். எட்டாவதோடு நின்றவள் நான். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறேன். பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது. தப்பு இருந்தால் திருத்திப் போடுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

நீங்கள் அவனை 'பேட்டரி' என்று கூப்பிடுவீர்கள். செத்துப்போன டார்ச் பேட்டரியை ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்து வெயிலில் காயப்போடுவானே, அதற்காக. கணக்கு டீச்சர் அதைப் பிடுங்கி வெளியே வீசினால், இன்டர்வெல்லில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவான். அவன் எப்படிப் போனான் என்று உங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வரி. ஒன்பதாவது முதல் நாள் பிரேயரில் ஹெச்.எம். சொன்ன வரி. லீவில் டேனரிக் கால்வாயில் விளையாடப் போனான், விஷவாயு அடித்து இறந்துவிட்டான். பிறகு ஒரு நிமிஷம் மௌனமாக நின்றீர்களாம். நான் அன்று ஸ்கூலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அந்த வரி பொய். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு இருக்கிறது.

எங்கள் அப்பாவுக்கு டேனரியில் வேலை என்று உங்களுக்குத் தெரியும். நம் கிளாசில் பாதிப்பேர் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. ஆறு நாள் சுண்ணாம்புக் குழியில் பதனிடுகிற தோலைப் புரட்டுவார். ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சர்ச்சுக்குப் போகிற நேரத்தில், சேறு அள்ளக் கால்வாயில் இறங்குவார். தோல் ஊறின தண்ணீர், சுண்ணாம்பு, மயிர், கொழுப்பு எல்லாம் ஓடித் தொட்டியில் சேருகிற கால்வாய் அது. மேலே கல் பலகை போட்டு மூடியிருக்கும். குனிந்துகொண்டுதான் போக முடியும். கல்லைத் தாங்குவதற்கு நடுநடுவே செங்கல் தூண். கொஞ்ச தூரத்தில் ஒரு திருப்பம். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் போன ஆள் என்ன ஆனான் என்று மேலே நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைப் பாட்டும் பிரசங்கமும் எனக்கு ஞாபகமே இல்லை. பெஞ்சில் சாலமோனின் முழங்கால் ஆடுவதுதான் ஞாபகம். அவன் முழங்கால் ஆடினால் என் முழங்காலும் ஆடும். அம்மா இரண்டு பேர் தொடையிலும் கிள்ளுவாள், கிள்ளுகிற கை ஜில்லென்று இருக்கும். ஆராதனை முடிந்ததும் கேட்டுக்கு ஓடுவோம். அப்பா உள்ளே வரமாட்டார், தன்மேல் நாற்றம் என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளோடு நிற்பார். அழுகின முட்டையும் சுண்ணாம்பும் கலந்த நாற்றம். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அந்த நாற்றம் வந்தால்தான் மூச்சே வரும். உயிரோடு இருக்கிறார்.

எட்டாவது அரையாண்டு லீவில் எங்கள் எதிர்வீட்டு அண்ணன், வேறொரு டேனரியில் இறங்கினவர், ஏறி வரவில்லை. காலையில் எடுத்துக்கொண்டு போன மூன்றடுக்கு டிபன் கேரியர் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அதை யார் திறப்பது என்று தெரியாமல் அந்த வீட்டு வாசற்படியிலேயே இரண்டு நாள் இருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரை ஒட்டிக்கொண்டு போவோம்.

அந்த வாரம் சாப்பிடும்போது சாலமோன் கேட்டான்.

"அந்த அண்ணனுக்கு வெளக்கு உடலியாப்பா?"

விளக்கு விடுவது என்றால், ஆள் இறங்குவதற்கு முன்னால் மேஸ்திரி ஒரு அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டிக் கால்வாய் வாசல் குழிக்குள் இறக்குவார். அணைந்தால் கேஸ் இருக்கிறது, இறங்கக்கூடாது. எரிந்தால் இறங்கலாம். கிணறு தூர் எடுக்கிறவர்கள் செய்வது அது. எல்லா டேனரியிலும் அப்படித்தான்.

"உட்டாங்கடா. நல்லா எரிஞ்சுதாம்" என்றார் அப்பா.

"அப்புறம் எப்டி?"

"வெளக்கு வாசல்லதானே எரியுது. அவன் உள்ள போய்ட்டான். உள்ள கேஸு."

"அப்ப உள்ள யாருப்பா வெளக்கு எடுத்துனு போறது?"

அப்பா சிரித்தார். "இன்னாடா கேள்வி? நாந்தான் போறேன்."

சாலமோன் அதற்குமேல் சாப்பிடவில்லை. சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தான். "தட்டுல இன்னாடா ரோடு போடற?" என்று அம்மா தலையில் தட்டினாள்.

அந்த மார்ச்சில், ஆற்றில் கழிவு போகிறது என்று கோர்ட் உத்தரவு வந்து எங்கள் பக்கத்து டேனரிகளை மூடினார்கள். பெரியவர்கள் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எனக்கும் சாலமோனுக்கும் மட்டும் கிறிஸ்துமஸ் வந்த மாதிரி இருந்தது. அப்பா வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் நடுவில் உட்கார்ந்து, பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்கினார். அம்மா அவர் தொடையில் கிள்ளினாள்.

ஏப்ரலில் ஒருநாள் மேஸ்திரி வீட்டுக்கு வந்து டீ குடித்தார். "ஜூன்ல தொறக்கறாங்களாம்யா. தொறக்கறதுக்கு முன்னாடி கால்வாய் சேத்த எடுத்துடணும். அதுக்குள்ள மூணு மாசம் மூடிக் கெடந்திருக்கும், ஜாஸ்தி பேஜாரு. ஒன்ன உட்டா எனக்கு ஆளு இல்ல."

அப்பா "வர்றேன்" என்றார். மேஸ்திரி போன பிறகு டம்ளரை எடுக்க வந்தேன். அப்பா அவருடைய டீயைக் குடிக்கவே இல்லை. ஏடு படிந்து ஆறிப்போயிருந்தது.

அன்றிலிருந்து எங்களுக்கு இருந்தது ஜூன் வரைக்கும்தான்.

பஜாரில் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை பாயைத் தெரியுமல்லவா? அவருடைய சின்ன மகனுக்கு பம்பாயிலிருந்து ஒரு பொம்மைக் கார் வந்திருந்தது. சுவரில் இடித்தால் தானே திரும்பி வேறு பக்கம் ஓடும். சாலமோன் கடை வாசலில் குந்திக்கொண்டு அதையே பார்த்தான்.

"பாய், செவுரு கீதுன்னு இதுக்கு எப்டி தெரியுது?"

"அதுக்கு இன்னா தெரியும் பேட்டா? இடிச்சா திரும்பும். எம்மாமியார் மாதிரி."

"இடிக்காமலே திரும்பணும் பாய்."

"ஏண்டா? இடிச்சா இன்னா போச்சு?"

"மெழுகுவத்தி அணைஞ்சிடும்."

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உள்ளே விளக்கு எடுத்துக்கொண்டு போக அவன் ஆள் கண்டுபிடித்துவிட்டான்.

பாய் கடைக் குப்பையிலிருந்து இரண்டு டேப் மோட்டார். தோல் மூட்டை வந்த பெட்டியிலிருந்து ஒரு மரப்பலகை. ஷூ கம்பெனிக்கு வெளியே கொட்டுகிற சோல் ரப்பரில் நான் வட்டமாக வெட்டின சக்கரம், ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒன்று. பின்னால் மூன்றாவது சக்கரமாக உருள ஒரு பெரிய பாசிமணி. நாலு டார்ச் பேட்டரி. நடுவில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கொடுத்த மெழுகுவத்தியில் மிச்சம் இருந்த துண்டு. அவ்வளவுதான் முதல் வண்டி. நேராக ஓடிப்போய் அம்மாவின் மாவுச் சட்டியில் இடித்தது. மெழுகுவத்தி விழுந்து கோரைப்பாயில் ஓட்டை போட்டது. அதற்கு அம்மா கொடுத்ததை இங்கே எழுத வேண்டாம்.

பிறகுதான் மீசை. சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்து இரண்டு இழை எடுத்தான். வண்டிக்கு முன்னால் இடமும் வலமும் பூனைக்கு இருக்கிற மாதிரி நீட்டினான். ஒவ்வொரு மீசையின் அடியிலும் டால்டா டின்னில் வெட்டின ஒரு சின்னத் தகடு. இடது மீசை எதிலாவது பட்டால் அந்தத் தகடு விலகி வலது மோட்டாருக்குக் கரண்டு நின்றுபோகும். இடது சக்கரம் மட்டும் ஓடும். வண்டி வலதுபக்கம் ஒதுங்கும். வலது மீசை பட்டால் இடதுபக்கம் ஒதுங்கும். பலகை எதிலும் படவே படாது.

வீட்டில் செருப்பு, செம்பு, அரிசி டின் எல்லாவற்றையும் தூண் மாதிரி நிறுத்திவைத்து, நடுவில் வண்டியை ஓடவிட்டோம். வண்டி செருப்பை மோந்து பார்த்து ஒதுங்கிப் போனது. நிஜமாக, மோந்து பார்த்த மாதிரிதான் இருந்தது. அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னாடா இது?"

"ரோபோப்பா."

"மீசை வெச்ச ரோபோவா? ஒனக்கே இன்னும் மொளைக்கல."

அதிலிருந்து வீட்டில் அதற்கு மீசை வண்டி என்று பேர்.

ஆனால் தூணுக்கு நேர் எதிரே போனால் இரண்டு மீசையும் ஒரே நேரத்தில் பட்டு, இரண்டு மோட்டாரும் நின்று, வண்டி அப்படியே செத்துக் கிடக்கும். முதல் தடவை அப்படி நின்றபோது நான் சிரித்தேன். சாலமோன் சிரிக்கவில்லை. "உள்ள போய் இப்டி நின்னுட்டா?" என்றான். "அப்பாதான் போய் எடுக்கணும்."

நாலு நாள் அவன் யாரோடும் பேசவில்லை. ஒடுகத்தூரிலிருந்து அத்தை வேர்க்கடலை மூட்டையோடு வந்திருந்தாள், அவளிடம்கூடப் பேசவில்லை. "பையனுக்குக் காத்து கருப்பு பட்டுடுச்சா?" என்று அத்தை கேட்டதற்கு அம்மா, "நாங்க அதெல்லாம் நம்பறதில்ல அண்ணி" என்று சொல்லிவிட்டு, அவனைத் தனியாகக் கூப்பிட்டு நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபம் பண்ணினாள். ஐந்தாம் நாள் அவன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, கட்டிங் பிளேயரை எடுத்து வலது மீசையில் மூன்று விரல்கடை வெட்டினான். அவ்வளவுதான். நீளமான மீசை எப்போதும் முன்னால் படும். வண்டி எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் திரும்பும். அன்றைக்கு அரிசி டின்னுக்கு நேராக இருபது தடவை விட்டோம். இருபது தடவையும் ஒதுங்கியது.

அப்புறம் பாலாற்றுக்கு எடுத்துக்கொண்டு போனோம். கால்வாய் மார்ச்சிலிருந்து ஓடாமல் கிடக்கிறது, சேறு காய்ந்து ஏடு கட்டியிருக்கும் என்று அப்பா சொல்லியிருந்தார். ஆற்றிலும் அந்த மாதிரி ஒரு குட்டை இருந்தது. மேலே காய்ந்து வெடித்து, தட்டு தட்டாக. வண்டியை வைத்ததும் ஒரு முழம் போய் ஏடு உடைந்து சக்கரம் இறங்கிவிட்டது. அவன் தலையில் அடித்துக்கொண்டான். அந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

"கனம்டா" என்றேன். "கனத்தைக் கொறை."

பலகையை எடுத்துவிட்டு, ஷூவுக்கு உள்ளே வைக்கிற அட்டையும் டி.வி. பெட்டியில் வந்த தெர்மோகோலும் வைத்து ஒட்டினது நான். பெரிய பேட்டரியைத் தூக்கிவிட்டு பென்சில் பேட்டரி போடச் சொன்னது நான். இரண்டு சக்கரத்தையும் அகலமாக, இரண்டிரண்டு ரப்பர் சேர்த்து வெட்டினதும் நான். மறுபடி குட்டையில் விட்டோம். மெழுகுவத்தி ஆடாமல், ஏட்டில் ஒரு கீறல்கூட விழாமல், பூச்சி போகிற மாதிரிப் போனது. நான் கைதட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். என் கால் ஏட்டை உடைத்துக்கொண்டு கணுக்கால்வரை இறங்கியது. அடியிலிருந்து கறுப்பாக, நுரை நுரையாக, குப்பென்று ஒரு நாற்றம் வந்தது. இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அப்பாவிடம் போய்ச் சொன்னபோது, "பாப்பாதான் ஃபிட்டரு, நீ ஹெல்ப்பரு" என்று அவனைக் கிண்டல் செய்தார். அவன் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து ஆமாம் என்று தலையை ஆட்டினான். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு காரியத்தைப் பார்த்து யாராவது அப்படித் தலையாட்டியது அந்த ஒரு தடவைதான்.

ஸ்கூல் திறக்க ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை. "ரெண்டும் சர்ச்சுக்கு வரலியா? கர்த்தர் பாத்துனு இருக்காரு" என்றாள் அம்மா. அப்பா, "அஞ்சு நிமிஷம் வெச்சிருந்துட்டு அனுப்பிடறேன்" என்றார். அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது எங்கள் ஆசைக்காக என்றுதான் அப்போது நினைத்தேன். சைக்கிளில் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். "உள்ள எம்மா நேரம் எரியும்?" என்று மெழுகுவத்தியைப் பற்றி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அவருக்கும் உள்ளே ஒரு விளக்கு போனால் தேவலை என்று இருந்திருக்கிறது.

டேனரி காலியாக இருந்தது. டிரம் ஓடுகிற சத்தம் இல்லாத டேனரியை நான் அதுவரை கேட்டதில்லை. நாய்கூட இல்லை. குழிக்குப் பக்கத்தில் மேஸ்திரியும் இரண்டு பேரும் நின்றார்கள். வாசல் பக்கத்துச் சேற்றை மட்டும் மேலே இருந்தே வாளி கட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். அரிக்கேன் விட்டுப் பார்த்தாகிவிட்டது. எரிந்தது.

மேஸ்திரி வண்டியைப் பார்த்தார். "யோவ், இன்னாய்யா இது? தேர் இழுக்கப் போறியா?"

"பசங்க ஆசைப்படுதுங்க. அஞ்சு நிமிஷம் மேஸ்திரி."

"சரி சரி. பொம்மை வெளையாட்டு சீக்கிரம் முடிங்க. வெயில் ஏறுது."

சாலமோன் நாலு படி இறங்கி, கால்வாய் வாசலில் வண்டியை வைத்து, மெழுகுவத்தியைக் கொளுத்தினான். வண்டிக்குப் பின்னால் ஒரு நூல் கட்டியிருந்தோம், திரும்ப இழுக்க. நான் மேலே குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். வண்டி உள்ளே போனது. இருட்டில் அந்தச் சின்ன வெளிச்சம் இரண்டு பக்கச் சுவரையும் தடவிக்கொண்டே போனது. முதல் தூண். மீசை பட்டது, ஒதுங்கியது. மேலே ஒருவர் "அட!" என்றார். இரண்டாவது தூண். ஒதுங்கியது. மேஸ்திரியும் குனிந்து பார்த்தார். "பாருய்யா, பாம்பு மாதிரி போவுது."

மூன்றாவது தூணில் நின்றுவிட்டது. மோட்டார் சத்தம் கேட்டது, சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. நூல் இரண்டாவது தூணைச் சுற்றிக்கொண்டு அதைப் பிடித்திருந்தது. சாலமோன் இழுத்தான். இன்னும் இறுகியது.

"வெளக்கு எரியுதுல்ல? போதும்" என்றார் மேஸ்திரி. "யோவ், நீ எறங்கு."

அப்பா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தயாராக நின்றார். சாலமோன் கீழே இருந்து கத்தினான். "இருப்பா! திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் பாக்கல! நூலு சிக்கினு கீது, எடுத்து உட்டா போவும்!"

"மேல வாடா" என்றார் அப்பா.

"நான் லேசுப்பா. ரெண்டே நிமிஷம்."

யாரும் அவனை இறக்கிவிடவில்லை. யாரும் பிடிக்கவும் இல்லை. அவன் ஏற்கெனவே கால்வாய் வாசலில் இருந்தான். குனிந்தான், போய்விட்டான். பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். முதுகு தெரிந்தது, நீலச் சட்டை தெரிந்தது. அவன் காலடியில் அப்பளம் உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இன்னொரு தரம். இன்னொரு தரம். நூலுக்குக் கை நீட்டினான். நீட்டின கையோடு மெதுவாக உட்கார்ந்தான். ஏதோ தேடுகிறான் என்று நினைத்தேன். "டேய், இன்னாடா?" என்று கூப்பிட்டேன். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டான். கத்தவில்லை. இருமவில்லை.

அவனுக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றிருந்தது. மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அவன் கிடக்கிறான், விளக்கு எரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நான் கத்தினேன் என்கிறார்கள். என் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

அப்பா குதித்தார். "போகாதய்யா!" என்று மேஸ்திரி கத்துகிறார், அவர் உள்ளே ஓடுகிறார். போய் அவனை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். பிடித்த இடத்திலேயே அவரும் விழுந்தார். இடுப்பில் கயிறு இருந்ததால் மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். மயக்கத்திலும் அப்பா கையை விடவில்லை. மேலே கொண்டுவந்து பிரித்தபோது அப்பா மூச்சு விட்டார். சாலமோன் விடவில்லை.

அப்பா பதினோரு நாள் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகனைப் புதைத்தது அவருக்குத் தெரியாது.

இனிமேல் எழுதப் போவதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் டேனரி ஆபீசிலிருந்து பேன்ட் போட்ட ஒருவர் வந்தார், மேஸ்திரியும் கூட வந்தார். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த ஆள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மடியில் பேப்பர் வைத்துக்கொண்டு, ரொம்ப அன்பாகக் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் வெளையாடத்தானே போனீங்க பாப்பா? பொம்மை உள்ள போய்டுச்சு, அண்ணன் எடுக்கப் போனான். அப்படித்தானே?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வேர்த்து ஊற்றியது. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்தை இவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றியது என்று தெரியாது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தில், உள்ளே விளக்கு போக வேண்டும் என்றுதான் செய்தோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

தலையை ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். ஹெச்.எம். உங்களுக்குச் சொன்ன வரி அங்கிருந்துதான் வந்தது.

பல வருஷம் எனக்கு ஒன்று புரியாமலே இருந்தது. விளக்கு எரிந்ததே, அப்புறம் எப்படி? போன வருஷம் எங்கள் கம்பெனியில் பாதுகாப்புக்காக ஒரு கிளாஸ் எடுத்தார்கள். மெட்ராசிலிருந்து வந்தவர் சொன்னார். "சாக்கடையில மேல காஞ்சு ஏடு கட்டினா, கேஸ் அடியிலயே அடைஞ்சு கெடக்கும். கால் வெச்சு ஒடச்சீங்கனா மொத்தமா கெளம்பும். வெளக்கு எரியுதேன்னு நம்பாதீங்க. வெளக்கு எரியும், ஆளு போய்டுவான்."

நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வண்டி ஏட்டை உடைக்கவில்லை. உடைக்காத மாதிரி அதை லேசாக்கினது நான். கனமான வண்டியாக இருந்திருந்தால் நாலு அடியிலேயே ஏட்டை உடைத்துக்கொண்டு இறங்கியிருக்கும். எங்களுக்கு முன்னால் கேஸ் கிளம்பியிருக்கும். நாற்றம் வந்து எல்லாரும் பின்னால் ஓடியிருப்போம். அவன் செய்ததில் தப்பில்லை. மேஸ்திரிக்கும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. விளக்கை நம்பித்தான் அத்தனை வருஷமும் அத்தனை பேரும் இறங்கியிருக்கிறார்கள்.

இதை எழுதுவதற்கு முன்னால் அப்பாவிடம் சொன்னேன். அவர் இப்போது கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். படி ஏறினால் இருமல் நிற்காது. தலையாட்டினதைச் சொன்னேன், லேசாக்கினதைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்று இருந்தது. அவர் எழுந்து போய் மண்டபத்து கேட்டைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்னக் கேட்டிருந்தா நானும் ஆட்டியிருப்பேன்மா" என்றார். "நாந்தானே ஒங்கள கூட்டினு போனது." அப்புறம் சொன்னார். "அன்னைக்கு நான் மொதல்ல போயிருந்தா, எப்பவும் போல மூச்ச அடக்கினு திருப்பம் தாண்டிப் போயிருப்பேன். கயிறு தூணுல மாட்டியிருக்கும். யாராலயும் இழுத்திருக்க முடியாது. அது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் நடந்தது.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எங்கள் சர்ச்சில் பேர் வாசிக்கும்போது, விளையாட்டாகப் போய் விபத்தில் மரித்த மகன் என்று சொல்லித்தான் ஜெபிக்கிறார்கள். ஆமென் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நீங்கள் ஒரு பெஞ்சில் அவனோடு உட்கார்ந்தவர்கள், அதனால் உங்களைக் கேட்கிறேன். சர்ச்சுக்குப் போகிறவர்கள் முழங்கால் போடுங்கள். பாய் வீட்டுப் பிள்ளைகள் துவா செய்யுங்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே வேண்டிக்கொள்ளுங்கள். எதுவும் நம்பாதவர்கள் ஒரு நிமிஷம் அவனை நினைத்துக்கொள்ளுங்கள், போதும். ஆனால் விளையாடப் போனவன் என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் அப்பாவை இறங்கவிடாமல் அவருக்கு முன்னால் இறங்கினவன், அவனுக்கு இளைப்பாறுதல் கொடு என்று கேளுங்கள்.